கப்பல் தேதி

நாகப்பட்டினத்தில் எங்கள் வீட்டில் காதுகுத்து, நிச்சயதார்த்தம், மனை முகூர்த்தம் என்று எதைப் பேசினாலும் பஞ்சாங்கத்தைத் திறப்பதற்கு முன்னால் அப்பாயி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “கப்பல் தேதி என்னன்னு பார்த்தியாப்பா?” தாத்தா பினாங்கில் ஒரு மளிகைக் கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தவர். அவர் வருவதும் போவதும், அவருடைய பணமும் கடிதமும் வந்து சேர்வதும் எல்லாம் அந்தத் தேதியைச் சார்ந்தே இருந்தன. கடல் கடந்து செல்லும் ஒரு கப்பல் குறித்த நாளில் கிளம்பும், குறித்த நாளில் வந்து சேரும் என்பதை அப்பாயி பொழுது விடிவதைப் போல இயல்பான ஒன்றாக எடுத்துக்கொண்டிருந்தார். எங்கள் ஊர் மரைக்காயர்களின் பாய்க்கப்பல்கள் காற்று வந்தால் கிளம்பின, காற்று நின்றால் காத்துக் கிடந்தன. அப்படிப்பட்ட கடலில் தேதி என்ற ஒன்று எப்படி வந்து உட்கார்ந்தது என்று தேடிப் போனால், கிடைக்கும் விடை பெரும்பாலும் அரசுக் கருவூலத்தின் கணக்கேடுகளில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அரசாங்கங்கள் தபால் ஒப்பந்தம் என்ற பெயரில் நீராவிக் கப்பல் நிறுவனங்களுக்கு ஆண்டுதோறும் கொடுத்த மானியத்தால் முதன்மையாக வாங்கியது இந்தத் தேதியைத்தான் என்பது என் துணிபு.

மானியம் ஏன் தேவைப்பட்டது என்பதை விளக்க, தொடக்ககால நீராவிக் கப்பல் ஒன்றின் வயிற்றுக்குள் எட்டிப் பார்த்தாலே போதும். 1825இல் ‘எண்டர்பிரைஸ்’ என்ற கப்பல், நீராவியையும் பாயையும் மாறி மாறிப் பயன்படுத்தி, இங்கிலாந்தின் பால்மத் துறைமுகத்திலிருந்து நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக் கல்கத்தாவுக்கு வந்து சேர 113 நாட்களை எடுத்துக்கொண்டது. நல்ல பாய்க்கப்பலே ஏறத்தாழ அந்தக் கால அளவில் வந்துவிடும் என்பதால், நீராவியை நம்பியிருந்த கல்கத்தாக்காரர்களுக்கு அது பெரும் ஏமாற்றம். ஐந்தாண்டுகள் கழித்து, 1830 மார்ச் 20ஆம் நாள், பம்பாயில் கட்டப்பட்ட 411 டன் எடையுள்ள ‘ஹியூ லிண்ட்சே’ செங்கடல் வழியாகச் சூயசுக்குப் புறப்பட்டது. ஐந்தரை நாட்களுக்கு மட்டுமே நிலக்கரி கொள்ளும்படி கட்டப்பட்ட அந்தக் கப்பல் ஏடனை அடையவே பதினொரு நாட்கள் ஆகும் என்பதால், பயணிகள் அறைகளிலும் தளத்திலும் காலியாக இருந்த மூலை முடுக்குகளிலும் கரியைக் கொட்டி நிரப்பி, நீர்மட்டத்துக்கு மேல் கொஞ்சமே தலைநீட்டிக்கொண்டு கிளம்பியிருக்கிறது. ஏப்ரல் 22ஆம் நாள் சூயசை அடைந்து, இது முடியக்கூடிய காரியம் என்று நிரூபித்தும்விட்டது. ஆனால் அதனுடன் வேறொன்றும் நிரூபணமாயிற்று. சரக்கேற்ற இடமில்லாமல், பயணியை ஏற்ற இடமில்லாமல், தன் உணவையே தான் சுமந்து செல்லும் ஒரு கப்பலால் எந்த வணிகனும் பிழைக்க முடியாது. யாராவது ஒருவர், சரக்குக் கூலியைப் பற்றிக் கவலைப்படாமல், கப்பல் போய்ச் சேர்வதற்காக மட்டுமே பணம் கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுக்கக் கூடியவர் அரசு ஒருவரே.

பிரிட்டிஷ் அரசு கொடுத்தது. 1837இல் ஸ்பெயினும் போர்ச்சுகலும் அமைந்த ஐபீரியத் தீபகற்பத்துத் துறைமுகங்களுக்குத் தபால் கொண்டுசெல்ல ஒரு சிறு நிறுவனத்துக்கு ஆண்டுக்கு 29,600 பவுண்டுக்கு ஒப்பந்தம் தரப்பட்டது. 1840இல் அரச சாசனம் பெற்று ‘பெனின்சுலர் அண்ட் ஓரியண்டல்’ என்று பெயர் நீண்ட அந்த நிறுவனத்தைத்தான் உலகம் பி அண்ட் ஓ என்று அறிந்தது. 1842இல் அதன் ‘ஹிந்துஸ்தான்’ கப்பல் சௌதாம்ப்டனிலிருந்து கிளம்பி ஆப்பிரிக்காவைச் சுற்றிக் கல்கத்தாவுக்கு வந்தது. அடுத்த ஆண்டு முதல் சூயசு, இலங்கையின் காலி, சென்னை, கல்கத்தா என்ற வரிசையில் சேவை தொடங்கியது. 1845இல் காலியிலிருந்து பிரிந்து பினாங்கு, சிங்கப்பூர் வழியாக ஹாங்காங் வரை இன்னொரு கிளை நீண்டது. இவ்விரண்டு தடங்களுக்குமாகச் சேர்த்து ஆண்டுக்கு 1,60,000 பவுண்டு மானியம். இதே காலத்தில் மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சென்ற ராயல் மெயில் நிறுவனத்துக்கு ஆண்டுக்கு 2,40,000 பவுண்டு கொடுக்கப்பட்டது என்பதைப் பார்த்தால், கீழைக் கடல் அப்போது மலிவாகவே கிடைத்தது என்றுகூடச் சொல்லலாம்.

இந்த ஒப்பந்தங்களைத் தொடக்கத்தில் நிர்வகித்தது அஞ்சல் துறை அன்று, கடற்படைத் தலைமையகம். போர் வந்தால் பீரங்கி ஏற்றக்கூடிய உறுதியுடன் கப்பலைக் கட்ட வேண்டும், தேவைப்பட்டால் அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்றெல்லாம் விதிகள் இருந்தன. தபால் பைகளைக் காக்கவும் கப்பலைக் கண்காணிக்கவும் ஒரு கடற்படை அதிகாரி ஒவ்வொரு பயணத்திலும் உடன் வந்தார். தாமதமானால் தண்டம் கட்ட வேண்டும். 1860இல்தான் இந்தப் பொறுப்பு அஞ்சல் துறையின் கைக்கு மாறியது. எனவே, கடிதம் கொண்டுபோகும் கூலி என்று இதைப் பார்ப்பது குறைவான பார்வை. கப்பல் நிரம்பியதா, காலியாக இருக்கிறதா என்று பார்க்காமல் குறித்த மணிக்கு நங்கூரத்தைத் தூக்க வேண்டும் என்ற ஒரே கட்டளையை முன்னிறுத்தி, கப்பல்களையும் கரிக்கிடங்குகளையும் துறைமுகங்களையும் அந்தக் கட்டளைக்கு ஏற்ப வளைத்த ஏற்பாடு அது. கரிக்கிடங்கு என்றதும் ஏடன் நினைவுக்கு வர வேண்டும். 1839 ஜனவரியில் கிழக்கிந்தியக் கம்பெனி அந்தத் துறைமுகத்தைப் பிடித்ததற்கு, ஹியூ லிண்ட்சே வகைக் கப்பல்களின் கரிப்பசி முக்கியமான காரணம். வேடிக்கை என்னவென்றால், அந்தக் கிடங்குகளுக்கு வேண்டிய வேல்ஸ் நாட்டுக் கரி, நீராவிக் கப்பலால் வழக்கொழிந்து போகும் என்று சொல்லப்பட்ட பாய்க்கப்பல்களில்தான் ஆப்பிரிக்காவைச் சுற்றி வந்து இறங்கிக்கொண்டிருந்தது.

தேதி ஒரு ஊரை என்ன செய்யும் என்பதற்குக் காலியைப் போன்ற எடுத்துக்காட்டு இல்லை. கல்கத்தாவுக்குப் போகிறவரும் சீனாவுக்குப் போகிறவரும் அங்கேதான் வழி பிரிந்தார்கள். ஐரோப்பாவின் செய்தி இலங்கையில் முதலில் இறங்கிய இடமும் காலியே. அங்கிருந்து கொழும்புக்குக் குதிரைவண்டியில் செய்தி வரும்வரை பொறுக்க முடியாத ‘சிலோன் அப்சர்வர்’ பத்திரிகை, 1850 முதல் புறாக்களைப் பழக்கி, கப்பலில் வந்த செய்திச் சுருக்கத்தை அவற்றின் காலில் கட்டிப் பறக்கவிட்டது. தந்திக் கம்பி வரும்வரை, அதாவது ஏழெட்டு ஆண்டுகள், அந்தப் புறாக்கள் உழைத்தன. பிறகு கொழும்பில் அலைதடுப்புச் சுவருக்கு 1875இல் அடிக்கல் நாட்டி, 1885இல் அது முடிந்தபோது, கப்பல்கள் கொழும்புக்கு இடம் மாறின. காலி உறங்கப் போயிற்று. பாறைகள் நிறைந்த ஒரு சிறு குடாவை உலகத்தின் நாற்சந்தியாக்கியதும், பின் அதைக் கைவிட்டதும் கப்பல் அட்டவணையின் ஒரு வரியே.

சென்னையின் நிலை வேறு. அங்கே துறைமுகம் என்று எதுவுமே இல்லை. தபால் கப்பல் கரையிலிருந்து தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும், இடையில் அலைமடிப்பு. ஆணியில்லாமல் கயிற்றால் தைக்கப்பட்ட மசூலா படகுகள் அந்த அலைகளின் மேல் வளைந்து நெளிந்து பயணிகளையும் பைகளையும் கரை சேர்த்தன. படகே போக முடியாத நாட்களில் கட்டுமரக்காரர்கள் கடிதங்களைத் தங்கள் தலைக்குல்லாய்க்குள் வைத்து, நனையாமல் கப்பலுக்குக் கொண்டுசென்றிருக்கிறார்கள். லண்டனில் கையெழுத்தான ஒப்பந்தத்தில் மீனவருக்கு ஒரு வரியும் இருந்திருக்காது. ஆனால் இலட்சக்கணக்கான பவுண்டு மானியத்தின் கடைசி அரைமைல் அவருடைய தலையின் மேல்தான் போயிருக்கிறது. 1870களின் நடுவில் சென்னையில் துறைமுகச் சுவர்கள் எழுப்பத் தொடங்கி, அவை முடியும் தறுவாயில் 1881 நவம்பர்ப் புயல் அவற்றை உடைத்துப் போட்டது தனிக்கதை.

பிரெஞ்சுக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. அவர்களுடைய அரசின் மானியம் பெற்ற மெஸாஜெரி நிறுவனம் 1862இல் சூயசிலிருந்து வியட்நாமின் சைகோனுக்குச் சேவை தொடங்கியபோது, காலியிலிருந்து பாண்டிச்சேரி வழியாகக் கல்கத்தாவுக்கு ஒரு கிளையையும் வைத்தது. பாண்டிச்சேரித் தமிழர்கள் எழுத்தர்களாகவும் சிப்பாய்களாகவும் சுங்கக்காரர்களாகவும் சைகோனில் போய்க் குடியேறிய வரலாற்றுக்கு அந்தத் தடம்தான் முதுகெலும்பு.

பி அண்ட் ஓ நிறுவனத்துக்கு மானியம் பழகிப்போயிற்று. சீனாவுக்குச் சென்ற அபினியின் கூலியால் அது நன்றாகவே சம்பாதித்தது. ஆயினும் 1867இல் போடப்பட்ட புதிய ஒப்பந்தத்தில், ஆண்டுக்கு 4,00,000 பவுண்டு என்றும், பங்குதாரர்களுக்கு 8 விழுக்காடு ஆதாயம் கிடைக்காவிட்டால் மானியம் 5,00,000 வரை உயரலாம் என்றும் எழுதப்பட்டிருந்தது. நட்டம் வந்தால் அரசு ஈடுகட்டும் என்ற உறுதி உள்ள ஒருவருக்குச் சிக்கனம் எங்கிருந்து வரும்? ஏறத்தாழ அதே ஆண்டுகளில், லிவர்பூலைச் சேர்ந்த ஆல்பிரட் ஹோல்ட் என்ற பொறியாளர், ஒரே நீராவியை இரண்டு உருளைகளில் அடுத்தடுத்து வேலை வாங்கும் கூட்டுப் பொறியைத் தம் கப்பல்களில் பொருத்தி, கரிச்செலவை வெகுவாகக் குறைத்து, ஒரு காசு மானியமும் பெறாமல் சீனாவுக்கு நீராவிக் கப்பல் ஓட்டிக் காட்டினார். 1869இல் சூயசுக் கால்வாய் திறந்ததும் மானியக்காரர்களின் நிலை இன்னும் சங்கடமாயிற்று. கால்வாயின் நம்பகத்தன்மையில் ஐயம் கொண்ட பிரிட்டிஷ் அஞ்சல் துறை, தபால் பழையபடியே அலெக்சாண்டிரியாவில் இறங்கி எகிப்து ரயிலில்தான் போக வேண்டும் என்று சில ஆண்டுகள் பிடிவாதமாக நின்றது. எனவே, கப்பல் தபால் பைகளை ஒரு பக்கம் இறக்கிவிட்டுக் கால்வாய் வழியாக வந்து, சூயசில் காத்திருந்து, ரயிலில் வந்த அதே பைகளை மறுபடி ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. அரசு ஒப்பந்தத்தின் வாசகத்துக்கு நடைமுறை அறிவைக் காட்டிலும் எவ்வளவு வலிமை என்பதை, நம் காலத்து அலுவலகங்களில் வேலை பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நம் கடற்கரைக்கு நெருக்கமான கதை வேறொரு நிறுவனத்தினுடையது. ஸ்காட்லாந்தின் காம்பெல்டவுனைச் சேர்ந்த வில்லியம் மெக்கின்னன், கல்கத்தாவில் வணிகம் செய்துகொண்டிருந்தவர். 1852ஆம் ஆண்டுப் போருக்குப் பின் பர்மாவின் பெகுப் பகுதி கம்பெனியின் கைக்கு வந்திருந்தது. புதிதாகப் பிடித்த நாட்டுக்குக் கடிதமும் படையும் ஒழுங்காகப் போக வேண்டும் என்பதற்காகக் கம்பெனி தபால் ஒப்பந்தம் கோரியது. அந்த ஒப்பந்தத்தைப் பெற்று, 1856இல், கல்கத்தாவிலிருந்து அக்யாப், இரங்கூன், மௌல்மீன் துறைகளுக்கு இரண்டே கப்பல்களுடன் மெக்கின்னன் சேவை தொடங்கினார். மறு ஆண்டே சிப்பாய்ப் புரட்சி வெடித்து, இலங்கையிலிருந்து கல்கத்தாவுக்குப் படையினரைக் கொண்டுசேர்க்க அவருடைய கப்பல் உதவியபோது, அரசுக்கு அவர்மேல் வந்த நம்பிக்கை பிறகு குறையவேயில்லை. 1862இல் அந்நிறுவனம் ‘பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன்’ என்று பெயர் மாறியது. அதே ஆண்டு பம்பாய் ஆளுநராக வந்த பார்ட்டில் பிரியரின் ஆதரவும் சேர்ந்துகொள்ள, கல்கத்தாவிலிருந்து பம்பாய் வரையிலான கரையோரம், பாரசீக வளைகுடா என்று ஒப்பந்தங்கள் ஒவ்வொன்றாகக் குவிந்தன.

மெக்கின்னனின் சாமர்த்தியம் அரசின் அச்சங்களைக் கூர்ந்து கவனித்ததில் இருந்தது என்று நினைக்கிறேன். பி அண்ட் ஓ பெருவழியின் அதிபதியாக இருந்தபோது, இவர் சந்துகளைப் பிடித்தார். விசாகப்பட்டினம், காக்கிநாடா, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற துறைகள் தனித்தனியே பெரிய லாபம் தராதவை. ஆனால் அரசு தரும் ஒப்பந்தத் தொகை அடிப்படைச் செலவைத் தாங்கிக்கொண்டால், வழியில் ஏறும் ஒவ்வொரு மூட்டை அரிசியும், தளத்தில் பாய் விரிக்கும் ஒவ்வொரு பயணியும் மேல்வருமானம். 1872இல் ஏடனிலிருந்து சான்சிபாருக்கு ஒரு தபால் ஒப்பந்தம் கிடைத்தது. அந்தத் தடம் வளர்ந்து, கடைசியில் 1888இல் மெக்கின்னனே தலைமை தாங்கிய கிழக்காப்பிரிக்கக் கம்பெனிக்கு அரச சாசனம் கிடைக்கும் அளவுக்குப் போயிற்று. இன்றைய கென்யா பிரிட்டிஷ் ஆட்சிக்குள் வந்த கதையின் தொடக்கம் அது. கொடியின் பின்னால் வணிகம் வரும் என்பார்கள். இங்கே தபால் பை முன்னே போய், கொடி பின்னால் வந்தது.

மானியம் கொடுத்தது எப்போதும் லண்டனோ கல்கத்தாவோ மட்டுமில்லை. குடியேற்ற நாடுகளே தம் தேவைக்காகக் கொடுத்தன. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து, தன் அண்டைக் குடியேற்றங்களின் தயவில் வாழ விரும்பாமல், டாரஸ் நீரிணை வழியாகத் தனக்கென்று ஒரு கப்பல் வேண்டும் என்று மெக்கின்னனின் குழுமத்துடன் ஒப்பந்தம் செய்து, 1881இல் அதைப் பெற்றது. தபாலுடன் அது குடியேறிகளையும் கொண்டுவந்து இறக்கியது. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகியவற்றை ஆண்ட மலாயாவின் நீரிணைக் குடியேற்ற அரசும் 1880களின் இறுதியில் இதே பாதைக்கு வந்தது. அதற்கு வேண்டியிருந்தவை கடிதங்கள் இல்லை, கைகள். கரும்புத் தோட்டங்களுக்கும் காப்பித் தோட்டங்களுக்கும் சாலை, ரயில் வேலைகளுக்கும் தமிழ்க் கூலிகள் போதவில்லை. பக்கத்திலிருந்த இலங்கையும் பர்மாவும் அவர்களை இழுத்துக்கொண்டன. கட்டணம் குறைவாக இருந்தால்தான் ஆள் பினாங்குப் பக்கம் திரும்பும் என்று கணக்குப் போட்டு, பிரிட்டிஷ் இந்தியா நிறுவனத்தின் கப்பல்களுக்கு அரசு மானியம் அளித்தது.

இதற்கு நாகை முன்பே தயாராக இருந்தது. 1860களின் தொடக்கத்திலேயே திருச்சிராப்பள்ளிக்கும் நாகைக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. தஞ்சை, திருச்சி மாவட்டங்களின் வறண்ட ஊர்களிலிருந்து கங்காணி திரட்டிய ஆட்கள் ரயிலில் வந்து, கரையில் காத்திருந்து, தோணியில் ஏறி, ஆழத்தில் நிற்கும் கப்பலின் தளத்தில் போய் இறங்கினார்கள். அக்கரைச்சீமை என்ற சொல்லுக்குள் இருந்த தொலைவு ஒரு வாரத்துக்குள் சுருங்கியது. அதனால் ஆதாயம் யாருக்கு என்று கேட்டால் விடை சிக்கலானது. தோட்ட முதலாளிக்கு ஆதாயம் என்பதில் ஐயமில்லை. கடை வைக்கப் போன என் தாத்தா போன்றவர்களுக்கும், ஏதோ ஒரு வகையில், திரும்பி வர வழி உண்டு என்ற தைரியத்தைக் கொடுத்தது அந்தத் தேதிதான். ஆனால் நாகூர், பறங்கிப்பேட்டை மரைக்காயர்களின் கப்பல் தொழிலுக்கு அது அடித்த சாவுமணி. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் நாகூர் ஆண்டவரின் நினைவிடங்களை எழுப்பும் அளவுக்கு அந்தக் கடலில் வேரூன்றியிருந்த மக்கள் அவர்கள். நீராவிப் பொறி அவர்களை வென்றது என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பொறியின் பின்னால் அரசுப் பணமும் இருந்தது என்பதைச் சேர்த்துச் சொல்வதில்லை.

அந்தப் பணத்தின் நிழல் அடுத்த நூற்றாண்டிலும் விழுந்தது. 1906இல் வ.உ.சிதம்பரனார் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கியபோது, தலா 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள், 10 இலட்ச ரூபாய் முதல் என்று திட்டமிட்டார். கொழும்புத் தடத்தில் எதிரில் நின்றது பிரிட்டிஷ் இந்தியா நிறுவனம். முதலில் பம்பாயின் ஷா லைன் நிறுவனத்திடம் வாடகைக்கு எடுத்த கப்பல்களைப் பிரிட்டிஷ் நிறுவனத்தின் நெருக்குதலால் இழந்து, பிறகு ‘காலியா’, ‘லாவோ’ என்ற இரு கப்பல்களை விலைக்கே வாங்கினார். எதிரணி கட்டணத்தை இறக்கியது; இலவசமாக ஏற்றிக்கொண்டு குடையும் கொடுத்தார்கள் என்பது தூத்துக்குடியில் இன்றும் சொல்லப்படும் செய்தி. கேட்கும்போது நகைப்பாக இருக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தால் நகைப்பு வராது. ஐம்பது ஆண்டுகளாக அரசு ஒப்பந்தங்களால் வளர்ந்து, வங்காள விரிகுடாவிலும் அரபிக் கடலிலும் எண்ணற்ற தடங்களை வைத்திருந்த ஒரு நிறுவனம், ஒரு சிறு தடத்தில் எவ்வளவு காலம் வேண்டுமானாலும் நட்டப்படலாம். ஒரே தடத்தை நம்பி, சிறு வணிகர்களின் பங்குப் பணத்தில் நிற்கும் நிறுவனத்தால் ஒரு பருவம்கூட முடியாது. நாட்டுப்பற்றால் பயணிகள் சுதேசிக் கப்பலில் ஏறினார்கள் என்பதே அந்தப் போட்டி அத்தனை நாள் நீண்டதற்குக் காரணம். 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார், 1911இல் நிறுவனம் கலைக்கப்பட்டது. காலியா எதிரி நிறுவனத்துக்கே விற்கப்பட்டது என்பதுதான், அவர் சிறையில் இழுத்த செக்கைவிட அவரை அதிகம் வருத்தியிருக்கும் என்று எனக்குத் தோன்றும். 1914இல் பிரிட்டிஷ் இந்தியாவும் பி அண்ட் ஓவும் ஒன்றாக இணைந்தன.

என் தாத்தா கடைசிக் காலத்தில் ஏறிய கப்பல் ‘ரஜுலா’. 1926இல் கட்டப்பட்ட அதுவும் பிரிட்டிஷ் இந்தியா நிறுவனத்தினுடையதே. அப்பாயி எழுதப் படிக்கத் தெரிந்தவர். அவர் இறந்தபின் பெட்டியில் கிடைத்த நீளவாக்குக் கணக்கு நோட்டு ஒன்றில், பால் கணக்குக்கும் நெல் அளந்த கணக்குக்கும் நடுவே, தாத்தா புறப்பட்ட நாளும் வந்த நாளும் வரிசையாகக் குறிக்கப்பட்டிருந்தன. எந்தக் கப்பல் என்று ஓரிடத்திலும் எழுதவில்லை. தேதி மட்டும் இருந்தது.